மாம்பழக் கூடையில் வந்த சாமி

இத்தாலியில இருக்கிற மகன் வீட்டுக்குப் போயிட்டு வந்து, நம்ம பழைய பள்ளிக்கூட வைபர் குரூப்புல ஒருத்தி படமாப் போட்டுத் தள்ளினாளே, பார்த்தீங்கல்ல? ஏதோ சின்ன ஊராம். ரோமாபுரிக்காரன் கட்டின மதிலாம், அவனுக்கும் முந்தின ஜனங்க குடைஞ்ச கல்லறையாம். இடிஞ்ச செவுத்துல சாய்ஞ்சு நின்னுக்கிட்டு, கறுப்புக் கண்ணாடி வேற. திருச்சியில இருக்கிறவங்க, சென்னையில இருக்கிறவங்க, இங்க யாங்கூன்ல, அதான் நம்ம ரங்கூன்ல, லான்மடாவுல இருக்கிறவங்க எல்லாரும் கைதட்டுற பொம்மை அனுப்பியாச்சு. நான் மட்டும் அனுப்பல. "உனக்கு என்னடி ஆச்சு?"ன்னு அவ தனியாக் கேட்டா. மூணாங்கிளாஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ, கேட்க உரிமை உள்ளவ.

பொறாமைதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது மட்டும் இல்ல. அந்தச் செவுத்துல அவ கை வச்சிருந்தா பாருங்க, அதைப் பார்த்ததும் போனைக் கவுத்து வச்சுட்டேன். அந்த மாதிரி ஒரு செவுத்துல நானும் கை வச்சவ. கை வச்சது மட்டுமா, ஒரு துண்டைத் திருடிக்கிட்டே வந்தவ. அறுபது வருஷமா யார்கிட்டயும் சொல்லல. இப்ப சொல்லிடறேன், எல்லாரும் கேட்டுக்குங்க.

கடையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டு, நம்ம ஜனங்க கூட்டங் கூட்டமா இந்தியாவுக்குக் கப்பல் ஏறின அந்தக் கோடை உங்க யாருக்கும் மறந்திருக்காது. எனக்கு ஒம்பது வயசு. மிங்கலா தாங்ஞுன்ட்ல ரயில்வே லைன் வீட்டுல இருந்தோம். அப்பா ரயில் பெட்டி ரிப்பேர் பண்ற பட்டறையில பிட்டர். தெருவுல வீட்டுக்கு வீடு கப்பல் பேச்சுதான். காலையில எழுந்து வெளிய வந்தா, யாரோ ஒருத்தர் வீட்டு ஆட்டுக்கல்லு மாடிப்படிக்குக் கீழ கிடக்கும். தூக்கிட்டுப் போகவும் முடியாது, வாங்கவும் ஆள் இல்ல. அந்த மாசத்துல மட்டும் எங்க லைன்ல ஏழு ஆட்டுக்கல்லு அநாதையாக் கிடந்துச்சு. நாங்க அது மேல உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடுவோம்.

கப்பல்ல ஏறுறவங்க காதுல கிடக்கிற கம்மலைக்கூடக் கழட்டணும்னு பேச்சு. துறைமுகத்துல எதைப் புடுங்குவாங்க, எதை விடுவாங்கன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. அதனால எங்கப்பா ஒரு சட்டம் போட்டாரு: பிள்ளைங்க ஆளுக்கு ஒரே ஒரு சாமான் எடுத்துக்கலாம், அதுவும் விலை போகாத சாமானா இருக்கணும். என் தம்பி ஒரு ரயில் விசிலை எடுத்து வச்சுக்கிட்டான். எனக்கு ஒண்ணும் தோணல. தினம் ஒரு சாமானை எடுப்பேன், இதைப் புடுங்கிட்டா என்ன பண்றதுன்னு திருப்பி வச்சிடுவேன்.

எங்க வீட்டுல நிஜமாப் போறோமா இல்லையான்னே தெளிவா இல்ல. எல்லாம் பெரியப்பா முடிவு. அவர்தான் எல்லாருக்கும் சேர்த்து இந்தியா போக ஃபாரம் எழுதிப் போட்டவரு. "குலதெய்வம் அங்க, நிலம் அங்க, நமக்கு இங்க என்னடா இருக்கு?"ம்பாரு. எங்கப்பா அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசினதே கிடையாது. பெரியப்பா முன்னால உட்காரக்கூட மாட்டாரு. எங்கம்மாவோ வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. "எங்கம்மா சாம்பல் பசுந்தாங் கழியில கரைஞ்சிருக்கு. நான் பொறந்தது இங்க, எம்பிள்ளைங்க பொறந்தது இங்க. பார்க்காத ஊருக்கு எப்படிங்க நம்ம ஊருன்னு போறது?"ன்னு அழும். அப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிடுவாரு. பெரியப்பா கையெழுத்துக்குக் கூட்டிட்டுப் போக அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றதாச் சொல்லியிருந்தாரு.

அந்த நேரம் பார்த்து அப்பா ரயில்வே பாஸை எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாரு. வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்துக்கே சும்மா போற பாஸ். "மௌசாவுக்குப் போவோம். பழைய ராஜா பட்டணமாம். இந்த நாட்டுலயே பழசு. அதைப் பார்க்காம கப்பல் ஏறினா, அங்க போய் பர்மாவுல என்னத்தைப் பார்த்தேன்னு கேட்டா என்ன சொல்றது?"ன்னாரு. அம்மா, "வீடு பத்தி எரியுது, மனுஷனுக்கு ஊர் சுத்தக் கேக்குதா"ன்னு திட்டிக்கிட்டே புளிச்சோறு கட்டுச்சு.

பியே போற ரயில். அப்ப நாமெல்லாம் புரோம்னுதான் சொல்வோம். காலையில ஏறினா சாயங்காலம் வரைக்கும் ஆட்டி ஆட்டிக் கொண்டுபோய் விடும். கரித்தூள் கண்ணுல விழுந்து நான் பாதி வழி அழுதேன், தம்பி பாதி வழி விசில் ஊதினான். பியேக்குக் கொஞ்சம் முன்னால மௌசா ஸ்டேஷன். அங்க தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் ஒருத்தர், அப்பாவோட சிநேகிதர், நாங்க மாமான்னு கூப்பிடுவோம். அவர் சம்சாரம் பர்மாக்காரங்க. அத்தைன்னா அத்தைதான், அப்படி ஒரு தமிழ் பேசும், எங்கம்மாவை விட வேகமா. தனக்கா மரப்பட்டையை அரைச்சுப் பூசின முகத்தோட ஸ்டேஷனுக்கே வந்து, "அண்ணி, ரயில்லயே கறுத்துப் போயிட்டீங்களே!"ன்னு அம்மாவைக் கட்டிக்கிச்சு. அவங்களுக்கு என் வயசுல ஒரு பொண்ணு. எங்கூடப் பேச வெட்கப்பட்டுக்கிட்டு தூணைச் சுத்திச் சுத்தி வந்துச்சு.

மறுநாள் மாட்டு வண்டியில கிளம்பினோம். பட்டணம்னு அப்பா சொன்னதைக் கேட்டு நான் அரண்மனை, சிம்மாசனம்னு என்னென்னமோ நினைச்சிருந்தேன். போய்ப் பார்த்தா வயக்காடு. எள்ளு அறுத்த கட்டை காலைக் குத்துது. அதுக்கு நடுவுல, வண்டியை விட உயரமா ஒரு மண்மேடு நீளமாப் போகுது. "இதுதான் கோட்டைச் சுவர். முழுசாச் சுத்தி வந்தா ஒரு பகல் போயிடும். நம்ம ரயிலே இதுக்குள்ள பூந்துதான் போகுது"ன்னாரு மாமா. அந்த மேட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் உள்ள செங்கல்லு தெரியும். ஒவ்வொண்ணும் எங்க வீட்டு அம்மிக்கல்லு நீளம். இன்னொரு பக்கம் ஒரு பெரிய பயா, அதான் புத்தர் கோபுரம், பெரிய டம்ளரைக் கவுத்து வச்ச மாதிரி, ஒரு பூ வேலை கிடையாது, ஒரு தங்கப்பூச்சு கிடையாது. நம்ம ஷ்வேடகோனைப் பார்த்த கண்ணுக்கு அது சப்புன்னு இருந்துச்சு. ஆனா அதோட நிழல்ல நின்னப்ப குளுகுளுன்னு இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்புறம் மாமா ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. மண்ணுக்குள்ள வாய் மட்டும் தெரியறாப்ல வரிசையாப் பானைங்க. "அந்தக் காலத்துல இந்தப் பட்டணத்துல இருந்த பியூ ஜனங்க செத்தவங்களை எரிச்சு, சாம்பலைப் பானையில போட்டு இப்படித்தான் வச்சிருக்காங்க"ன்னாரு. அவ்வளவுதான், எங்கம்மா புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நாலடி பின்னால போச்சு. "அடக் கடவுளே! சுடுகாட்டைக் காட்டவா பாஸ் எடுத்துக் கூட்டியாந்தீங்க?" அதோட விட்டுச்சா? தலைக்கு ஊத்தாம யாரும் ஒரு வாய் சோறு தொடக்கூடாதுன்னுடுச்சு. கிணத்தடியில எங்க எல்லாரையும் உட்கார வச்சு, அப்பா, மாமா, வண்டிக்காரர் வரைக்கும், தலையில தண்ணி ஊத்திவிட்டுச்சு. வண்டிக்காரர் பர்மாக்காரர், எதுக்குன்னு தெரியாம சிரிச்சுக்கிட்டே குளிச்சாரு. வெயிலுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்.

ஆனா ஈரத் தலையோட சாப்பிட உட்கார்ந்தப்ப அம்மாவே மெதுவா, "பாருங்க, விட்டுட்டுப் போக மனசில்லாமத்தானே அவங்களைப் பானையில போட்டுக் கூடவே வச்சிருக்காங்க"ன்னுச்சு. அப்பா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. பிசைஞ்சாரே தவிர வாயில வைக்கல.

அங்க வயலுக்கு நடுவுல ஒரு சின்னப் பயா, பாதி சரிஞ்சது. ஊர்க்காரங்க அதைச் செப்பனிட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆம்பளை பொம்பளை பிள்ளைங்கன்னு வரிசையா நின்னு புதுச் செங்கல்லைக் கை மாத்திக் கை மாத்திக் கொடுக்கிறாங்க, புண்ணியம்னு. நாங்களும் கொஞ்ச நேரம் நின்னு கொடுத்தோம். கிளம்பறப்ப அத்தை எல்லார் செருப்பையும் தட்டச் சொல்லுச்சு. "பயா மண்ணு ஒரு பொட்டுகூட வீட்டுக்கு வரக்கூடாது அண்ணி. எடுத்தா குடும்பத்துக்கு ஆகாது. தெரியாம எடுத்துட்டாலும் பத்து மடங்கு திருப்பிக் கொடுத்தாத்தான் தீரும்."

இதைக் காதாரக் கேட்டவதான் நான். கேட்டுட்டுத்தான் அதைச் செஞ்சேன்.

பழைய பயாவுலேருந்து சரிஞ்ச செங்கல்லெல்லாம் ஓரமாக் கிடந்துச்சு. அதுல பாதியா உடைஞ்ச ஒண்ணு, மேல மூணு கோடு. ஈரமா இருக்கிறப்ப யாரோ மூணு விரலால இழுத்த கோடு. நான் சும்மா என் விரலை வச்சுப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி பொருந்துச்சு! பெரியவங்க விரல் அதுல உட்காராது. அப்ப என்னை மாதிரி ஒரு பிள்ளைதானே இழுத்திருக்கணும்? இதான் என் சாமான்னு தோணிடுச்சு. உடைஞ்ச செங்கல்லை எந்தக் கப்பல்காரன் புடுங்கப் போறான்? மாமா கொடுத்த மாம்பழக் கூடையில அடியில வச்சு, மேல வைக்கோலைப் போட்டு, பழத்தை அடுக்கிட்டேன். ஸ்டேஷன்ல கூடையைத் தூக்கினப்ப அப்பா, "என்னடா இது, மாம்பழமா பீரங்கிக் குண்டா?"ன்னு மாமாவைக் கேலி பண்ணினாரு. நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டேன்.

வீடு வந்து சேர்ந்ததும் அசதியில தூங்கிட்டேன். காலையில எழுந்தா கற்பூர வாசனை. அம்மா தலைக்குக் குளிச்சு, ஈரக் கூந்தலோட சாமிப் பலகைக்கு முன்னால விழுந்து கிடக்குது. பலகை மேல என் செங்கல்லு. மூணு கோட்டுலயும் திருநீறு, நடுவுல குங்குமம். "பட்டையோட வந்திருக்கான்டி! நம்ம குலசாமி! கடலைத் தாண்டி நம்மளைத் தேடிக்கிட்டுக் கூடைக்குள்ள வந்திருக்கான்!" அம்மா அழுதுகிட்டே சிரிக்குது. நான் தம்பி முதுகுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன்.

அப்பா வந்தாரு. செங்கல்லைப் பார்த்தாரு. எங்க ரெண்டு பேரையும் நிறுத்தி, "இது எப்படி வந்துச்சு? யாரு வச்சீங்க?"ன்னாரு. தம்பி தெரியாதுன்னான், அவனுக்குத் தெரியாது. நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த வருஷம் பூரா நான் பார்க்கல. நான்தான்னு சொன்னா வெளிச்சம் அணைஞ்சிடும், ஞாயித்துக்கிழமை கையெழுத்து, அப்புறம் கப்பல். "தெரியாதுப்பா"ன்னேன். அப்பா என் கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தாரு. "போய்க் கையைக் கழுவிட்டு வா பாப்பா. நகமெல்லாம் அழுக்கு"ன்னு மட்டும் சொன்னாரு.

ஞாயித்துக்கிழமை பெரியப்பா வந்தாரு. அப்பா வாசல்லயே நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, "அண்ணே, உள்ள வந்து பாருங்க. எனக்கு ஒண்ணும் புரியல"ன்னாரு. பெரியப்பா பார்த்தாரு. சட்டையைக் கழட்டினாரு. இத்தனை பெரிய மனுஷன், அந்தக் குச்சு வீட்டுல நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு. கால் வாசலுக்கு வெளிய நீட்டிக்கிச்சு. எழுந்து, "சாமி இங்க உட்கார்ந்துட்டான்டா. நீ இரு. நான் போய் அங்க விளக்கேத்தறேன்"ன்னு சொல்லிட்டு என் தலையில கை வச்சாரு. அடுத்த மாசம் அவங்க குடும்பம் கப்பல் ஏறுச்சு. என் பக்கத்துல உட்கார்ந்தவளும் அதே கப்பல்தான். கப்பல் துறையில நான் அழுதேனே, போறவங்களுக்காக மட்டும் அழலடி. நான் பொய் சொன்னதாலதான் நாங்க நின்னுட்டோம்னு அழுதேன்.

அதுக்கப்புறம் எது நடந்தாலும் என் மேலதான் போட்டுக்குவேன். அப்பா ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதே பிட்டர், அதே ஸ்பேனர். தம்பிக்கு நினைச்ச படிப்பு கிடைக்கல. வெள்ளம் வந்து வீட்டுக்குள்ள தண்ணி ஏறுச்சு. ஒவ்வொரு தடவையும், பயா செங்கல்லைத் திருடினா குடும்பத்துக்கு ஆகாதுன்னு அத்தை சொன்னது காதுல கேட்கும். அப்பா சாகறதுக்கு முன்னால ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். ரெண்டு தடவையும் அவர், "ஆரஞ்சு உரிச்சுக் கொடும்மா"ன்னாரு. உரிச்சுக் கொடுத்தேன். அம்மா போற வரைக்கும் செங்கல்லுக்குத் தினமும் பூ வச்சுச்சு, எண்ணெய் தடவித் தடவி அது கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. அம்மாவுக்கப்புறம் என் மருமக பூ வைக்கிறா. பர்மாப் பொண்ணு. காலையில புத்தருக்குத் தண்ணி வைக்கிற கையோட இதுக்கும் ஒரு கிளாஸ் வச்சிடுவா.

போன குளிர்காலத்துல, இனி என்னால சுமக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. முழங்காலைச் சொல்லல, மனசைச் சொல்றேன். செங்கல்லைத் துண்டுல சுத்திக்கிட்டு மகனோட மௌசாவுக்குப் போனேன். இப்ப அங்க மியூசியம் இருக்கு. வேலி, பலகை எல்லாம் போட்டு நல்லாப் பார்த்துக்கிறாங்க. உள்ள ஒரு ஆபீசர், என் பேரன் வயசு இருக்கும். செங்கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எங்கேருந்து எடுத்தீங்க அம்மா?"ன்னு பர்மாப் பாஷையில கேட்டாரு. சொன்னேன். ஜெயில்ல போடுவாங்களோன்னு மகன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவர் சிரிச்சுட்டு, "மழையில கிடந்திருந்தா இந்நேரம் மண்ணாப் போயிருக்கும். நல்லாவே வச்சிருந்திருக்கீங்க"ன்னு சொல்லி மத்த செங்கல்லு பக்கத்துல வச்சாரு. வைக்கிறதுக்கு முன்னால கேட்டு வாங்கி, ஒரு தடவை என் விரலை வச்சுப் பார்த்தேன். ஒரு விரல்தான் நுழைஞ்சுது.

வெளிய வந்தா கேட்டுக்குப் பக்கத்துல மீன்குழம்பு நூடுல்ஸ் விக்கிற மொஹிங்கா கடை. நான் மகன்கிட்டத் தமிழ்ல பேசுறதைக் கேட்டு, கடைக்காரம்மா என்னையே உத்துப் பார்த்துச்சு. "யாங்கூனா? பிட்டர் மாமா பொண்ணா?"ன்னு தமிழ்ல கேட்டுச்சு. தூணைச் சுத்திச் சுத்தி வந்த அதே பொண்ணு! ரெண்டு கிழவியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதோம். எதுக்கு வந்தேன்னு சொன்னேன். அது வாயில கை வச்சுக்கிட்டுச் சிரிக்குது.

"அட, உனக்குத் தெரியாதா? நீங்க போன பத்து நாள்ல உங்கப்பா தனியா வந்தாரே! 'எம்பொண்ணு ஒரு செங்கல்லை எடுத்துட்டா, அவ நகமெல்லாம் செங்கப் பொடி, பத்து மடங்கு திருப்பிக் கொடுக்கணும்ல'ன்னு அந்தப் பயா வேலைக்கு மூணு நாள் செங்கல்லு சுமந்தாரு. பத்தா? நூத்துக்கணக்குல! தோள் எல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. நான்தான் தண்ணி மொண்டு கொடுத்தேன்."

பெஞ்சுல உட்கார்ந்துட்டேன்.

"எங்கப்பா கேட்டாரு, 'பிள்ளை திருடினா ரெண்டு போடாம நீ ஏன்டா வந்து சுமக்கிற?'ன்னு. உங்கப்பா சொன்னாரு, 'எனக்கும் போக மனசில்லடா. அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் கிடையாது. அந்தப் பிள்ளை எனக்கு ஒரு வாயைத் தூக்கிட்டு வந்து கொடுத்திருக்கு. அவளை எப்படி அடிப்பேன்?'னாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னாரு. சொன்னா உங்கம்மா காதுக்குப் போயிடுமாம், சாமி திரும்பச் செங்கல்லா ஆயிடுமாம்."

அந்தச் சின்னப் பயாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுச்சு. வெள்ளை அடிச்சு, பூச்செடி வச்சு, நிமிர்ந்து நிக்குது. கீழ்வரிசையில சுண்ணாம்பு உதிர்ந்த இடத்துல செங்கல்லு தெரிஞ்சுது. கோடு கீடு ஒண்ணும் இல்ல, சாதாரணச் செங்கல்லு. அதுல எதை அப்பா சுமந்தாரோ! எல்லாத்தையும் தடவிக் கொடுத்தேன். கிளம்பறப்ப செருப்பை மட்டும் நல்லாத் தட்டினேன்.

இப்ப சொல்லுடி, உன் ரோமாபுரிக்கு நான் எங்கேருந்து கைதட்டுறது? கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு அடுத்த குளிர்காலத்துக்கு இங்க வா. பியே ரயில் இன்னும் அப்படித்தான் ஆட்டுது. புளிச்சோறு நான் கட்டறேன்.

மௌசாவுலேருந்து வீடு திரும்பின மறுநாள் காலையில பார்க்கிறேன், வெறும் பலகை மேல மருமக மல்லிகையும் தண்ணியும் வச்சிருக்கா. "அங்கதான் ஒண்ணும் இல்லையேம்மா"ன்னேன். "சாமி அதோட ஊருக்குப் போச்சு, சரி. அதுக்காக இடத்தைச் சும்மா விடுவாங்களா?"ன்னா அவ. அதுவும் நியாயம்தானே. உள்ள போய் அப்பா படத்தைக் கழட்டித் துடைச்சு, அந்தப் பலகையில வச்சேன். திருநீறைக் குழைச்சு, அவர் நெத்தியில மூணு விரலை வச்சு இழுத்தேன். விரல் சரியாப் பொருந்துச்சு.